பெற்ற இடம்

புதுக்கோட்டைப் பக்கம் ஒரு பையன் நன்றாகப் பந்து ஆடுகிறான் என்று தெரிந்தால் பெரியவர்கள் அவனிடம் ‘எந்த கிளப்புக்கு ஆடுற தம்பி?’ என்று கேட்பதில்லை. ‘எந்த டிபார்ட்மென்ட்டுக்கு ஆடுற?’ என்றுதான் கேட்பார்கள். ரயில்வேயா, போலீஸா, வங்கியா, வருமான வரியா? கேட்பவர் கிண்டலாகக் கேட்கவில்லை. தமிழ்நாட்டுக் கால்பந்தின் நூறாண்டு வரலாறு அந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது. சென்னை சீனியர் டிவிஷன் லீக்கின் பழைய பட்டியலைப் புரட்டினால் இந்தியன் வங்கி, தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப்., வருமான வரித் துறை, சுங்கத் துறை என்றுதான் வரிசை போகும். ஊர்ப் பெயரும் பேட்டைப் பெயரும் தாங்கிய அணிகள் இவற்றுக்கு இடையில் வந்தன, போயின. அலுவலகங்கள் நின்றன.

இந்தக் கட்டுரை கீழடுக்கு லீக்குகளில் ஆடும் நடுக்கள ஆட்டக்காரரின் பிழைப்பைப் பற்றியது. தொலைக்காட்சியில் வரும் முதல் அடுக்குக்குக் கீழே, மாநில லீக்கிலும் ஐ-லீக்கின் அடுக்குகளிலும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆடிவிட்டு ஊர் திரும்புகிறவர் அவர். அவரைத் தொழில்முறை ஆட்டக்காரர் என்று சொல்லலாமா என்பதே முதல் சிக்கல். ஃபிஃபாவின் வீரர் பதிவு விதிகள் இதற்கு நேரான விடை வைத்திருக்கின்றன. கிளப்போடு எழுத்து ஒப்பந்தம் இருக்க வேண்டும். ஆடுவதற்கு ஆகும் செலவைவிடக் கூடுதலாக அவருக்குப் பணம் வர வேண்டும். இரண்டும் இருந்தால் தொழில்முறை, இல்லையென்றால் அமெச்சூர். ஷூ, பஸ் கட்டணம், முட்டை, வாழைப்பழம், முழங்காலுக்கு மருத்துவர் என்று கணக்குப் போட்டு இந்த அளவுகோலை நம் மாநில லீக்குகளில் வைத்துப் பார்த்தால், பல ஆட்டக்காரர்கள் ஜனவரியில் தொழில்முறையாகவும் ஜூலையில் அமெச்சூராகவும் இருப்பார்கள்.

முன்கள ஆட்டக்காரரையோ கோல்கீப்பரையோ விட்டு நடுக்களத்துக்காரரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அவருடைய வேலை கணக்கில் ஏறாத வேலை. ஒரு போட்டியில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடுகிறார். மறுநாள் பத்திரிகையில் கோல் அடித்தவர் பெயர் வரும். நல்ல மிட்ஃபீல்டரை அடையாளம் காண பந்தைப் பார்க்கக் கூடாது, அவர் கழுத்தைப் பார்க்க வேண்டும். பந்து வருவதற்கு முன்பே இடது தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை, வலது தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை. பந்து காலில் பட்ட கணத்தில் உடம்பு பாதி திரும்பியிருக்கும். அந்தப் பாதித் திருப்பம் இருந்தால் முன்னால் மூன்று வழி திறக்கும். இல்லையென்றால் வந்த பந்தை வந்தவருக்கே திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

இதைப் புதுக்கோட்டைத் தரையில் கற்பது எவ்வளவு கடினம் என்பதை ஆடிப் பார்த்தவர்கள்தான் அறிவார்கள். கண்மாய்கள் நிறைந்த, மழையை நம்பிய மாவட்டம் இது. தண்ணீர் வற்றிய கண்மாய் உள்வாயும் அறுப்பு முடிந்த வயலும் பள்ளிக்கூடத்துச் செம்மண் திடலும்தான் பெரும்பாலான கிராமங்களுக்கு மைதானம். கண்மாய்த் தரை காய்ந்தால் வெடிக்கும். வெடிப்பின் ஓரத்தில் விழுந்த பந்து எந்தப் பக்கம் எகிறும் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் பையன்கள் பந்தைத் தரையில் வாங்காமல் தொடையில் வாங்கப் பழகுகிறார்கள். கண்ணும் பந்தைவிட்டு நகராது. தோளுக்குப் பின்னால் பார்க்கும் பழக்கம் வரவே வராது. பதினாறு வயதில் புல்தரைக்குப் போகும்போது பயிற்சியாளர் முதலில் கழற்ற வேண்டியது இந்த இரண்டு பழக்கங்களையும்தான். ஆனால் ஒரு லாபமும் இருக்கிறது. எகிறுகிற பந்தை அடக்கிப் பழகிய கால், புல்லில் உருளும் பந்தைப் பஞ்சுமாதிரி வாங்கும்.

பள்ளியில் பாதை தெளிவாகவே இருக்கிறது. குறுவட்டப் போட்டி, அதற்கு மேல் மாவட்டம், குடியரசு தினப் போட்டி, பாரதியார் தினப் போட்டி, மாநிலம். பி.டி. சார் ஒருவர் அக்கறையோடு இருந்தால் பையன் அந்த ஏணியில் ஏறிவிடுவான். கல்லூரியில் சேர்ந்தால் பாரதிதாசன் பல்கலைக்கழக அணித் தேர்வு, தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டி, அகில இந்தியப் போட்டி. புதுக்கோட்டை 1948 மார்ச்சில் சமஸ்தானம் என்ற நிலையை இழந்து திருச்சி மாவட்டத்தோடு சேர்ந்தது. 1974 ஜனவரியில்தான் தனி மாவட்டம் ஆனது. நிர்வாகம் பிரிந்தாலும் பந்து இன்னும் திருச்சிப் பக்கமே உருள்கிறது. பொன்மலை ரயில்வே மைதானமும் திருவெறும்பூர் பெல் வளாகமும் எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு நீண்டகாலமாகப் புண்ணியத் தலங்கள். ‘அங்கே எடுத்துட்டாங்கன்னா லைஃப் செட்டில்’ என்று டீக்கடையில் பேசிக்கொள்வார்கள்.

எடுப்பது எப்படி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மத்திய அரசு விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கும்போது கேட்பது சில படிவங்களை. ஆட்டக்காரர்கள் வாயில் அவை ‘ஃபார்ம் ஒன், ஃபார்ம் டூ, ஃபார்ம் த்ரீ, ஃபார்ம் ஃபோர்’. முதல் படிவம், நாட்டுக்காக ஆடியதற்கு. இரண்டாவது, மாநிலத்துக்காக தேசியப் போட்டியில் ஆடியதற்கு. அதில் கையெழுத்திடுபவர் மாநிலச் சங்கச் செயலாளர். மூன்றாவது, பல்கலைக்கழகத்துக்காக ஆடியதற்கு. நான்காவது, தேசியப் பள்ளி விளையாட்டுக்கு. முன்னுரிமையும் இதே வரிசைதான். மாநில அரசும் தன் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கியிருக்கிறது. இரண்டு ஆட்டக்காரர்கள் சந்தித்துக்கொண்டால் ‘ஃபார்ம் டூ இருக்கா?’ என்று விசாரிப்பது, கல்யாணத் தரகர் ஜாதகம் கேட்பதைப் போன்றது. மற்றதெல்லாம் அப்புறம்.

இப்போது அந்த வரிசையை மறுபடி பாருங்கள். நாடு, மாநிலம், பல்கலைக்கழகம், பள்ளி. கிளப் எங்கே? தனியார் கிளப் ஒன்றோடு ஒப்பந்தம் போட்டு, ஐ-லீக்கிலோ அதன் கீழ் அடுக்கிலோ ஒரு முழுப் பருவம் ஆடியதற்கு இந்த வரிசையில் படிவமே கிடையாது. ஃபிஃபா எதைத் தொழில் என்று சொல்கிறதோ அது வேலைக்கு எடுக்கும் மேசையில் பூஜ்யம். மாநிலங்களுக்கு இடையிலான சந்தோஷ் கோப்பையில் மாநிலத்துக்காக ஆடிய இரண்டு வாரத்துக்குக் கிடைக்கும் மதிப்பு, கிளப்புக்காக ஆடிய ஆறு மாதத்துக்கு இல்லை. கிளப்போ, பருவத்தின் நடுவில் சந்தோஷ் கோப்பைக்குத் தன் ஆட்டக்காரரை விடுவிக்கத் தயங்கும். சம்பளம் கொடுப்பது கிளப்தானே, அதன் நியாயம் அதற்கு. பல்கலைக்கழகப் போட்டிக்கோ வயது உச்சவரம்பு 25. ஆக, இருபது வயதில் நல்ல மிட்ஃபீல்டர் ஒருவர் முன்னால் இரண்டு வழிகள்: கிளப்புக்குப் போய் உண்மையான ஆட்டத்தைக் கற்கலாம், அல்லது கல்லூரியில் பெயரைப் பதிந்துவைத்துப் படிவம் சேர்க்கலாம். எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் இரண்டாவதைத்தான் சொல்லும். அது கோழைத்தனம் என்று சென்னையில் உட்கார்ந்து எழுதுவது எளிது. நான் அப்படி நினைக்கவில்லை. கிளப்புகளின் வரலாற்றைப் பார்த்தால் அந்தக் குடும்பங்கள் கணக்குத் தெரிந்தவர்கள் என்றே தோன்றுகிறது.

அந்த வரலாற்றைப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் வாழ்க்கை வழியாகச் சொல்லலாம். தஞ்சாவூரைச் சேர்ந்த கலியா குலோத்துங்கன். நடுக்கள ஆட்டக்காரர், தமிழ்நாடு அணியின் தலைவராகவும் இருந்தவர். புதுக்கோட்டையிலிருந்து அறுபது கிலோமீட்டருக்குள் வளர்ந்து இந்திய கிளப் கால்பந்தின் உச்சிவரை போன நடுக்களத்துக்காரர் என்றால் எனக்கு முதலில் நினைவு வருவது அவர்தான். கொல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளுக்கும் ஆடியவர்: 1889இல் தொடங்கிய மோகன் பகான், 1891இல் தொடங்கிய முகமதன் ஸ்போர்ட்டிங், 1920இல் தொடங்கிய ஈஸ்ட் பெங்கால். அந்த ஊரில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போவது பெண் கொடுத்த வீட்டை விட்டுப் பகையாளி வீட்டில் விருந்து சாப்பிடுவதற்குச் சமம். மூன்று வீட்டிலும் இலை போட்டார்கள் என்றால் ஆட்டம் அப்படி.

2003 ஜூலையில் ஜகார்த்தாவில் நடந்த ஆசியான் கிளப் கோப்பையை ஈஸ்ட் பெங்கால் வென்றது. வெளிநாட்டு மண்ணில் இந்திய கிளப் ஒன்று பெற்ற வெற்றிகளில் இன்றுவரை அதிகம் பேசப்படுவது அதுதான். சுபாஷ் பௌமிக் பயிற்சியாளர். முதல் ஆட்டத்தில் தாய்லாந்தின் பி.இ.சி. டெரோ சசானாவிடம் தோற்று, பிறகு இறுதிப் போட்டியில் அதே அணியை 3–1 என்று வீழ்த்தினார்கள். கோல் அடித்தவர்கள் மைக் ஒகோரோ, பாய்ச்சுங் பூட்டியா, ஆல்விட்டோ டி’குன்ஹா. இந்த மூன்று பெயரும் கொல்கத்தாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்த அணியில் நம் தஞ்சாவூர்க்காரரும் இருந்தார் என்பது தஞ்சாவூரிலேயே எத்தனை பேருக்குத் தெரியும்? நடுக்களத்துக்காரர் என்றேனே.

கொல்கத்தாவுக்கு வெளியே அவர் ஆடிய கிளப்புகள் வேறு கதை சொல்கின்றன. விவா கேரளா 2004இல் தொடங்கியது. ஐ-லீக்கில் ஏறி இறங்கி ஏறியது. 2011இல் கைமாறி சிராக் யுனைடெட் கேரளா ஆனது, 2012இல் இல்லாமல் போனது. மும்பை எஃப்.சி. 2007இல் பிறந்து 2017இல் மூடப்பட்டது. இவை மட்டுமல்ல. மும்பையின் மஹிந்திரா யுனைடெட் 2010இலும் பஞ்சாபின் ஜே.சி.டி. 2011இலும் அணியைக் கலைத்தன. இந்த ஜே.சி.டி.தான் 1996–97இல் நடந்த முதல் தேசிய கால்பந்து லீக்கின் சாம்பியன். பதினைந்து ஆண்டுக்குள் முதல் சாம்பியனே கடையைக் கட்டிவிட்டது. ஆட்டக்காரரின் ஆயுளைவிடக் கிளப்பின் ஆயுள் குறைவாக இருக்கிற நாட்டில், ‘நான் அந்த கிளப்புக்கு ஆடியவன்’ என்று சொல்லிக்கொண்டு போய் யார் கதவைத் தட்டுவது? சான்று கேட்டால் கொடுக்க அங்கே ஆளே இல்லை.

2018 அக்டோபரில் தஞ்சாவூரில் நடந்த இருசக்கர வாகன விபத்தில் குலோத்துங்கன் இறந்துபோனார். இரங்கல் செய்திகளில் தலைப்பாக வந்தது ஆசியான் கோப்பைதான். மற்ற கிளப்புகளின் பெயர்கள் ஒரு வாக்கியத்தில் கமா போட்டுக் கோக்கப்பட்டிருந்தன.

அவர் போன அதே பருவத்தில் தமிழ்நாட்டில் ஒரு அதிசயம் நடந்துகொண்டிருந்தது. சென்னை சிட்டி எஃப்.சி. 1946இலிருந்து நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்ற பெயரில் உள்ளூர் லீக்கில் இருந்த அணி. 2016–17இல் ஐ-லீக்குக்குள் வந்தது, கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கத்தைத் தாய்வீடாக்கிக்கொண்டது. 2019 மார்ச் 9ஆம் தேதி கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபிடம் ஒரு கோல் பின்தங்கி, பிறகு 3–1 என்று வென்று சாம்பியன் ஆனது. 43 புள்ளி, இரண்டாமிடம் வந்த ஈஸ்ட் பெங்காலுக்கு 42. பயிற்சியாளர் சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ். ஸ்பெயினிலிருந்து வந்த பெட்ரோ மான்சி 21 கோல் அடித்தார். அந்த அணியின் நடுக்களத்தை ஆண்டவர்களும் நெஸ்டர் கோர்டியோ, சாந்த்ரோ ரோட்ரிகஸ் என்ற ஸ்பெயின்காரர்கள்தான்.

தமிழ்நாட்டைச் சேர்ந்த எட்வின் சிட்னி வான்ஸ்பால் இயல்பில் நடுக்களத்துக்காரர். அந்த அணியில் அவரை வலதுபுறத் தற்காப்பிலும் காணலாம், நடுவிலும் காணலாம். எங்கே ஓட்டை விழுகிறதோ அங்கே. புள்ளிவிவரத் தளங்களில் அவர் பெயருக்கு நேரே சிலர் ‘தற்காப்பு’ என்கிறார்கள், சிலர் ‘நடுக்களம்’ என்கிறார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. பல்லிடத்து ஆட்டம் அவருக்குக் கூடுதல் தகுதிதான். ஆனால் இது தனி மனிதர் விஷயமல்ல. 2014இல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) தொடங்கியபோது களத்தில் ஆறு வெளிநாட்டவர் இருக்கலாம் என்றது விதி. 2017இல் அது ஐந்தானது, 2021இல் நான்கு. கிளப் அந்த இடங்களைச் செலவழிப்பது எங்கே? முன்களத்தில், நடுக்களத்தின் மையத்தில், தற்காப்பின் மையத்தில். முதுகெலும்பு முழுக்க வெளியூர்ச் சரக்கு. விலா எலும்பு மட்டும் உள்ளூர். ஆட்டத்தைத் திட்டமிடும் இடத்தில் வளர்ந்த இந்திய மிட்ஃபீல்டர், தொழிலுக்குப் போனதும் கோட்டோரத்துக்குத் தள்ளப்படுகிறார். எட்வின் முதல் அடுக்கான ஐ.எஸ்.எல். கிளப்புக்குப் போனது இருபதுகளின் பிற்பகுதியில். ஐரோப்பாவில் அந்த வயதில் ஆட்டக்காரர் உச்சத்தில் இருப்பார். நம் ஆட்களுக்கு அது அறிமுக வயது.

சென்னை சிட்டியோ 2020–21 பருவத்துக்குப் பிறகு ஐ-லீக்கில் இல்லை. சாம்பியன் ஆன இரண்டு ஆண்டில் மேடை காலி. புதுக்கோட்டை, தஞ்சை, திருச்சிப் பையன்களுக்கு ஒரு பகல் பஸ் பயணத்தில் போய்ச் சேரக்கூடிய தேசிய லீக் அணி அது.

லீக் இல்லாத மாதங்களில் ஆட்டக்காரர் என்ன செய்வார்? எழுவர் கால்பந்து ஆடுவார். எங்கள் பக்கத்தில் பள்ளிவாசல் ஊர்களிலும் கடற்கரை ஊர்களிலும் கோடை விடுமுறையில் ‘மாபெரும் எழுவர் கால்பந்துத் தொடர்போட்டி’ சுவரொட்டிகளைப் பார்க்கலாம். பக்கத்து அதிராம்பட்டினத்துத் தொடர் இந்த வட்டாரத்தில் பெயர் பெற்றது. சுற்றிலும் கயிறு கட்டி, மூங்கில் கம்பத்தில் விளக்குப் போட்டு, ஒலிபெருக்கியில் வர்ணனை சொல்ல ஒருவரை உட்காரவைத்தால் திருவிழாதான். பெரிய பணம் கேரளத்தில் இருக்கிறது. மலப்புறம், கோழிக்கோட்டுப் பக்கம் மழைக்காலம் முடிந்து அடுத்த மழை தொடங்கும்வரை செவன்ஸ் பருவம். தற்காலிக கேலரி, தினமும் ஓர் ஊர், ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கையில் காசு, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஆட்டக்காரர்கள். 2018இல் வந்த ‘சுடானி ஃப்ரம் நைஜீரியா’ படம் பார்த்தவர்களுக்கு அந்த உலகம் புதிதல்ல. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் அங்கீகாரம் இல்லாத உலகம் அது. லீக் கிளப்பில் பதிவுசெய்த ஆட்டக்காரர் அங்கே ஆடுவது விதிமீறல். வயிற்றுக்கு விதி தெரியாது என்பதால் பெயர் மாற்றி ஆடியவர்களின் கதைகளும் உண்டு.

எழுவர் ஆட்டத்தில் எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான். அதில் நடுக்களம் இல்லை. மைதானம் சிறியது. கோல்கீப்பர் எறிந்தால் பந்து எதிரணியின் வாசலில் விழும். தோளுக்குப் பின்னால் பார்த்து, பாதி திரும்பி, மூன்று வழியில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அங்கே நேரமும் கிடையாது, இடமும் கிடையாது. வேகமாக ஓடி பலமாக உதைப்பவருக்குத்தான் கைத்தட்டல், அவருக்குத்தான் காசு. பதினோரு பேர் ஆட்டத்தின் மூளை என்று சொல்லப்படுகிறவர், வருமானம் தருகிற ஆட்டத்தில் தேவையற்றவர் ஆகிவிடுகிறார். அதனாலேயே எங்கள் பக்கத்தில் திறமைசாலிப் பையன்கள் முன்களத்துக்கு ஓடுகிறார்கள். மாவட்ட எல்லைக்குப் பக்கத்தில், காரைக்குடியை அடுத்த கண்டனூரிலிருந்து போன சிவசக்தி நாராயணன் முன்கள ஆட்டக்காரர். ராமன் விஜயனின் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்து பெங்களூரு எஃப்.சி.க்குப் போய், 2022 செப்டம்பரில் டியூராண்ட் கோப்பை இறுதிப் போட்டியில் மும்பை சிட்டிக்கு எதிராக கோல் அடித்தார். அவரைப் பார்த்து இன்று கண்டனூரிலும் அறந்தாங்கியிலும் பையன்கள் பந்து ஆடுகிறார்கள். நல்ல விஷயம். எல்லோரும் ஒன்பதாம் எண் சட்டை கேட்கிறார்கள் என்பதுதான் பி.டி. சார்களின் தலைவலி.

சம்பளத்தைப் பற்றி உலகளாவிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஆட்டக்காரர்களின் சர்வதேசச் சங்கமான ஃபிஃப்ப்ரோ 2016இல் 54 நாடுகளில் ஏறக்குறைய 14,000 தொழில்முறை ஆட்டக்காரர்களைக் கேட்டு அறிக்கை வெளியிட்டது. முந்தைய இரண்டு பருவங்களில் சம்பளம் தாமதமாக வந்தது என்றவர்கள் 41 விழுக்காடு. மாதம் ஆயிரம் டாலருக்குக் கீழே வாங்குபவர்கள் 45 விழுக்காடு. சராசரி ஒப்பந்தக் காலம் 22 மாதம். இது உலகக் கணக்கு, மெஸ்ஸியும் இதே தொழிலில்தான் இருக்கிறார். இரண்டு மாதச் சம்பளம் நிலுவையில் நின்றால், பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்பிவிட்டு ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்று ஃபிஃபா விதி ஆட்டக்காரருக்கு உரிமை தருகிறது. உரிமை சரி. ஒரு பருவத்துக்கு மட்டும் ஒப்பந்தம் வைத்திருப்பவர் அதை முறித்துக்கொண்டு எங்கே போவார்?

காயம் இன்னொரு கணக்கு. நடுக்களத்துக்காரர் எப்போதும் திரும்புகிறவர்; ஸ்டட் தரையில் ஊன்றியிருக்க உடம்பு திரும்பினால் முழங்கால்தான் விலை கொடுக்கும். கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ், சென்னை சிட்டியில் தெரிய வந்து, ஜாம்ஷெட்பூர் வழியாக ஏ.டி.கே.க்குப் போய் சாம்பியன் அணியில் இருந்தவர். 2020 நவம்பரில், பருவத்தின் முதல் ஆட்டத்தின் முதல் கால் மணி நேரத்துக்குள் விழுந்தார். அந்தப் பருவம் முழுக்கப் போனது. அவருக்காவது பெரிய கிளப் இருந்தது, மருத்துவம் பார்த்தது. எழுவர் ஆட்டத்தில் ‘லிகமென்ட் போச்சு’ என்றால் புத்தூர்க் கட்டும் ஐஸ் கட்டியும்தான். பிறகு ஊர் நண்பர்கள் வாட்ஸாப்பில் ஜி-பே எண் போட்டு வசூல் செய்வார்கள்.

டிபார்ட்மென்ட் வழியைப் பழைய பஞ்சாங்கம் என்று நினைக்கிறவர்கள் இந்துமதி கதிரேசனைப் பார்க்க வேண்டும். கடலூர்க்காரர், இந்திய மகளிர் அணியின் நடுக்கள ஆட்டக்காரர், தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். 2019 மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3–1 என்று வென்று மதுரையின் சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீக் பட்டம் பெற்றது. அவர் அந்த அணியில் இருந்தார். அடுத்த ஆண்டு கொரோனா ஊரடங்கில் லீக்குகள் எல்லாம் நின்றபோது சென்னைத் தெருவில் சீருடையோடு பணியில் நின்றார். மகளிர் லீக் ஆண்டில் சில மாதம்தான்; கிளப் சம்பளத்தை நம்பி எந்தப் பெண்ணும் வீட்டில் ‘நான் கல்யாணத்துக்கு அவசரப்படலை’ என்று சொல்லிவிட முடியாது. காக்கிச் சட்டை அந்த வாக்கியத்தைச் சொல்ல இடம் கொடுக்கிறது. கால்பந்து வேலையைக் கொடுத்தது, வேலை கால்பந்தைக் காப்பாற்றியது. கிளப் இடையில் விருந்தாளி.

படிவத்தின் மீது இந்த மாவட்டத்துக்கு இருக்கும் பயம் கலந்த மரியாதைக்கு வேறொரு காரணமும் உண்டு என்று எனக்குப் படுகிறது. இது கால்பந்து இல்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜன் 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனை என்ற பெயரில் அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது. ஓடியது ஓடியதுதான்; தாள் மட்டும் போனது. தாள் போனதும் எல்லாம் போனது. செங்கல் சூளையில் கூலி வேலை பார்க்கும் நிலைவரை வந்து, பயிற்சியாளர் பட்டயம் படித்து, 2016இல்தான் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளர் ஆனார். சான்றிதழ்க் கோப்பை எங்கள் பக்கத்து அம்மாக்கள் பீரோவில் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைப்பதை வெளியூர்க்காரர்கள் வேடிக்கையாகப் பார்க்கலாம்.

2022–23இலிருந்து ஐ-லீக் சாம்பியனுக்கு ஐ.எஸ்.எல்.லுக்கு ஏறும் வழி திறந்தது. கீழே ஐ-லீக் 2, அதற்கும் கீழே ஐ-லீக் 3 என்று ஏணிக்குப் படிகள் வந்தன. காகிதத்தில் பார்த்தால் இங்கிலாந்து மாதிரிதான். ஏணி நிமிர்ந்து சில ஆண்டுகளே ஆன நிலையில், 2025 ஜூலையில் உச்சிப் படியான ஐ.எஸ்.எல். பருவமே வணிக உரிமை ஒப்பந்தச் சிக்கலில் நிறுத்திவைக்கப்பட்டது. முதல் அடுக்கின் ஆட்டக்காரர்களே அடுத்த சம்பளம் எப்போது என்று கேட்டுக்கொண்டிருந்த நாட்களில் ஆலங்குடியிலும் கீரனூரிலும் அப்பாக்கள் ‘நான் அப்பவே சொன்னேன்ல’ என்றிருப்பார்கள்.

பீரோவில் இருக்கும் அந்தச் சான்றிதழ்க் கோப்பை ஒருமுறை திறந்து பார்க்கலாம். பிளாஸ்டிக் உறை, நான்கு துளை, மேலே பெயர் எழுதிய வெள்ளைச் சீட்டு. குறுவட்டம் முதல் மாநிலம்வரை கெட்டி அட்டைச் சான்றிதழ்கள். அச்சு மை தங்க நிறம். கிளப் ஒப்பந்தம் இருந்தால் அது கடைசியில், ஸ்டேப்ளர் துருவோடு, நாலாக மடித்து. எல்லாவற்றுக்கும் முன்னால், யாரும் மடிக்காத தாள் ஒன்று: படிவம் 2. பெயர், தந்தை பெயர், விளையாட்டு, போட்டி நடந்த ஊர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை. அதற்குக் கீழே, போட்டியில் அவரோ அணியோ பெற்ற இடம் என்ன என்று ஒரு கோடு. 2012இல் ஒடிசாவில் நடந்த சந்தோஷ் கோப்பை இறுதிப் போட்டியில் தமிழ்நாடு சர்வீசஸ் அணியிடம் 3–2 என்று தோற்றது. தமிழ்நாடு இன்றுவரை வெல்லாத கோப்பை அது. அன்று கோல் காத்தவர், தடுத்தவர், அடித்தவர், தொண்ணூறு நிமிடமும் நடுவில் நின்று கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், மாற்று ஆட்டக்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் எல்லோருடைய தாளிலும் அந்தக் கோட்டின் மேல் எழுத இரண்டே சொற்கள்தான் உண்டு: இரண்டாம் இடம்.